லிங்கேஸ்வரனின் வேகம்

வடகரை லிங்கேஸ்வரனுக்குப் பிடித்தது ஒரே ஒரு ஆல்பம். பிடிக்காதது மற்ற எல்லாமும். எண்பதுகளில் அமெரிக்காவில் வெளிவந்து, திராஷ் மெட்டல் என்கிற அதிவேக ராக் இசை என்றால் இதுதான் என்று ஊருலகமே ஒப்புக்கொண்ட ஆல்பம் அது. கல்லூரி நாளில் கேசட்டில் கேட்டவன், கேட்ட கையோடு கிட்டார் வாங்கினான். இன்று தலை பாதி வழுக்கை. தென்காசி வட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களில் எங்கள் இன்னிசைக் குழுவுக்கு வாசிக்கிறான். நான் கீபோர்டு. வாசிக்கும்போது பாடுகிறவரை முந்திக்கொண்டு ஓடுவான். கேட்டால், "ஒங்களுக்கெல்லாம் மாட்டுவண்டி வேகம்தாம்லே தெரியும்" என்பான்.

குற்றாலம் சீசனில் அந்த ஆல்பத்தின் படம் போட்ட பனியனோடு குளிக்க வரும் பையன்களை மறித்து, "இதுல மூணாவது பாட்டு என்னலே?" என்று கேட்பான். அவர்கள் முழித்தால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சோறு வேண்டாம். யூடியூபில் அதே ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "கம்பெனிக்காரன் மெதுவாக்கிக் கெடுத்துட்டான்" என்று தீர்ப்பும் சொன்னான். மூளை என்று ஒன்று இருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

போன வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு குழு அந்த ஆல்பத்தை முழுசாக மேடையேற்றக் கிட்டார் ஆள் தேடியது. யாரோ இவன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அம்மன் பாட்டு இல்லாத மேடையில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது அவன் ஆயுசு ஆசை. ஒத்திகைக்குத் துணையாக நானும் போனேன். முதல் பாட்டிலேயே தறிகெட்டு ஓடினான். சுதியும் அரைக்கட்டை ஏறி நின்றது. ட்ரம்ஸ் வாசித்த பெண் கையை நிறுத்திவிட்டு, "ஒறிஜினல் இத்ர ஸ்பீடில்ல சேட்டா" என்றாள். ஒரிஜினலில் இவ்வளவு வேகம் கிடையாதாம்.

"எனக்கா ஒரிஜினல் சொல்லித்தாற?" என்று சீறினான். மறுபடி வாசித்தும் அதே ஓட்டம். அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் நேரே சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் போனோம். அன்று கேசட் பதிந்து கொடுத்தவர், இன்று மொபைல் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இதையும் இன்னொரு ஆல்பத்தையும் ஒரே கேசட்டுல அடச்சித் தாங்கன்னு நீதானலே கேட்ட? எடம் பத்தல. ஓட்டத்தக் கூட்டிப் பதிஞ்சேன்."

கஞ்சத்தனம் பண்ணியது இவன், கெட்ட பெயர் அமெரிக்காக்காரனுக்கு! "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, கொறச்சிப் பழகுலே" என்றேன்.

"அவனுவள வேகமாக்கச் சொல்லு" என்றான்.

திருவனந்தபுரம் மேடையில் அவன் இடத்தில் வேறொரு பையன் வாசித்தான். இவன் என்னிடம் சொல்லாமல் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். தெரிந்ததும், "எப்படிலே இருந்துச்சு?" என்று குத்தலாகவே கேட்டேன்.

"எல்லாரும் ஒண்ணாத் தொடங்கி ஒண்ணா முடிச்சாவ" என்றான். "எனக்கு அது ஒரு நாளும் வாய்க்கலலே."