தூளிக் கயிறும் மணி காட்டாத வாட்சும்

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்கு வலது கை விழுந்துபோனது. கால் ஒருவழியாகத் தேறிவிட்டது. கை மட்டும் வரவில்லை. சிவகாசியில் பட்டாசு லோடு ஏற்றிய கை அது. இடது கையால் சாப்பிடச் சொன்னால், "பீச்சாங்கையால சோறு திங்கவா எங்காத்தா என்னயப் பெத்துப் போட்டா?" என்று கத்துவார். அதனால் நான்தான் ஊட்ட வேண்டும். காலையில் ஊட்டிவிட்டுப் பட்டாசுக் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடுவேன். சாயங்காலம் வந்து மறுபடி ஊட்டுவேன். அவர் மென்று முடிப்பதற்குள் என் சோறு ஆறி விறைத்துவிடும். பாசம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அலுப்பு அலுப்புதானே!

மதுரை ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, ஏதோ ஆராய்ச்சி என்று இவரது இரண்டு மணிக்கட்டிலும் வாட்ச் மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார். முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. உள்ளே இருக்கும் சென்சார், கை எப்போது எவ்வளவு அசைகிறது என்று பதிந்துகொள்ளுமாம். வாரம் ஒருமுறை போனால் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். தெருக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"ரெண்டு கையிலயும் வாட்சு கட்டியிருக்கீக, மணி எம்புட்டுண்ணே?"

"ஒனக்குக் கெட்ட நேரம்லே, போ!" என்பார் இவர்.

முதல் சில வாரம் கம்ப்யூட்டர் திரையில் வலது கைக்கான கோடு அசையாமல் படுத்தே கிடந்தது. பிறகு மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். அடுத்த வாரம் அந்தக் கோடு எழுந்து குதித்தது.

"பகல் பூரா கை அசைஞ்சிருக்கும்மா!" என்றார் டாக்டரம்மா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி ஊட்ட வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. "எங்க, தூக்குங்க பாப்போம்" என்று இவரிடம் சொன்னார். கை மடியிலேயே கிடந்தது. டாக்டரம்மா வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். "ஆமாம்மா, தூளி ஆட்டுற கயித்த அப்பா சோத்தாங்கையிலதான சுத்தி விடுறேன். எனக்கும் வேல இருக்குல்ல" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். தூளியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். அது ஆடும்போதெல்லாம் கயிறு கையை இழுத்திருக்கும். கை தூளியை ஆட்டவில்லை, தூளிதான் கையை ஆட்டியிருக்கிறது. பாழாய்ப்போன வாட்சுக்கு அசைவுதான் தெரியும், அசைத்தது யார் என்று தெரியாது. அன்றைக்கு ஊட்டும்போது என் கண்ணீரும் சோற்றில் விழுந்தது.

கயிற்றை மட்டும் அவிழ்க்கச் சொல்லவில்லை. சொல்லக்கூடச் சலிப்பாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒருநாள் மழை. மழை பெய்தால் பட்டாசு வேலை நடக்காது, எங்களுக்கு லீவு. உலை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மகள் பின்பக்கம் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தூளி ஆடாமல் நின்றது, கயிறு தொய்ந்து கிடந்தது. பிள்ளை சிணுங்கியது. மகளைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் இவர் வலது கை கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தது. தூளி ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி இழுத்தார். இடது கை தொடையடியில் இருந்தது.

சோறு வெந்ததும் தட்டை ஸ்டூலில் அவர் நெஞ்சுக்கு நேராக வைத்தேன். வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"பேரனுக்கு வர்ற கை ஒங்க வாய்க்கு வராதோ? நான் ஊட்ட மாட்டேன். அம்புட்டுத்தேன்."

"என்ன புள்ள, வெளயாடுறியா?" முறைத்தார். வாய்க்கு வந்தபடி வைதார். நான் அசையவில்லை. கடைசியில் அந்தக் கை நடுங்கிக்கொண்டே தட்டுக்குள் இறங்கியது. பாதி மடியில் சிந்தியது, கொஞ்சம் மீசையில் ஒட்டியது, மிச்சம் வாய்க்குள் போனது. மறுபடி தட்டுக்குக் கையைக் கொண்டுபோனார்.

நான் துடைத்துவிடப் போகவில்லை. என் தட்டைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவசரத்தில் அள்ளி வாயில் போட்டதும் நாக்கு சுட்டுவிட்டது. சூடான சோறு இப்படிச் சுடும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.