வடம் துடைக்கும் துணி

அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மரத்தடிகளை இறக்கும் ஆட்களுக்கு நான் சூப்பர்வைசரானபோது எனக்குத் தெரிந்த நிர்வாகம் அவ்வளவுதான். வாய்க்கு முன்னால் கை பேசிவிடும்.

என்னிடம் வேலை பார்த்தவர்களில் மணப்பாட்டுக்காரன் ஒருவன். என் வயதுதான். ஒருநாள் காலை, தடிகளைக் கட்டித் தூக்கும் கம்பி வடத்தைப் பழந்துணியால் நீவிக்கொண்டு நின்றான். கிரீஸுக்கு அடியில் அறுந்திருக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது, துணியில் மாட்டும் என்றான்.

“தெனமும் இப்படி ஒருக்கா தொடச்சுப் பாப்பமே, அண்ணாச்சி.”

கப்பல் காத்துக் கிடக்கிறது, இவன் வடத்தைக் குளிப்பாட்டுகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. அதே துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

மதியம் அந்த வடம் அறுந்தது. சாட்டைபோல் சுழன்று அவன் இடது கையில் அடித்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

அதன்பிறகு கம்பெனி ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. தினமும் காலையில் ஆட்களைக் கூட்டி, இன்று எதை மாற்றிப் பார்க்கலாம் என்று கேட்கச் சொன்னார் அந்த அம்மா. கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“கேக்கத்தான் சொன்னேன் சார். நீங்க போலீஸ் ஸ்டேஷன் நடத்துறீங்க” என்றார். சுள்ளென்றது, ஆனால் பொய்யில்லை.

விரல் போனவன் சில மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பினான். அந்த வாரமே ஒரு காலை, எல்லோர் முன்னாலும் நானே துணியை எடுத்து வடத்தை நீவினேன். பாதி தூரத்தில் துணி மாட்டியது. கம்பி என் உள்ளங்கையைக் குத்திக் கிழித்தது.

“அன்னைக்கு நீ சொன்னதுதாம்லே சரி. அடிச்சது என் தப்பு” என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “இந்த வடத்த நேத்தே பாத்துட்டேன், அண்ணாச்சி.”

நேற்று முழுக்க அதன் கீழேதான் எல்லோரும் நின்றோம். அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. கை தானாக ஓங்கியது. முகத்தை மறைக்க அவன் இடது கையைத் தூக்கினான். மூன்று விரல்கள்.

என் கை அப்படியே நின்றது. “ஏம்லே சொல்லல?”

“அடிப்பீயன்னுதான்.”

ஓங்கிய கையில்தான் அந்தத் துணி இருந்தது. அதை அவனிடம் நீட்டினேன். வாங்குவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.