அத்தான் வாங்கிய டெரியர்

என் அக்காவின் புருஷன் நாய் வாங்குவதற்கு முன்னால் யோசித்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான். அது காரின் பின் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்க்குமா, பார்க்காதா? பார்க்கும் என்று கைப்பேசியில் ஏதோ ஒரு வீடியோ காட்டிவிட்டது. அதோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்தது.

நான் மாத்தளை டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறேன். ஊசி போடும்போது நாயை அமுக்கிப் பிடிப்பது, அட்டையில் விபரம் எழுதுவது, அவ்வப்போது கடி வாங்குவது, இவைதான் பதினோரு வருடமாக என் தொழில். அலுவிகாரையில் அக்கா வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கிறேன். அந்தப் பக்கம் யார் வீட்டு நாய்க்கு வயிற்றால் போனாலும் என்னிடம்தான் வருவார்கள். அத்தான் மட்டும் எதையும் கேட்கமாட்டார். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவளிடம் வெளிநாட்டுச் சாதி நாயைப் பற்றி என்ன கேட்பது என்று அவருக்கு நினைப்பு. அவரும் அதே தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு மேலே இருந்த லயத்தில் பிறந்தவர்தான். டைல்ஸ் கடை போட்ட பிறகு அது அவருக்கு ஞாபகமில்லை.

குட்டியைக் கண்டியிலிருந்து கொண்டுவந்த அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். கருத்துக் கேட்க அல்ல, காட்டுவதற்கு. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மண்நிறத் திட்டு, உள்ளங்கையில் அடங்கும் அளவு. புது சோபாவின் நடுவில் அதை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சின்ன சாதி. இதுக்கு மேல பெருசா வளராது. ஒரு மூலையில அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்றார்.

"அத்தான், இது மடியில வச்சிக் கொஞ்சுற நாய் இல்லீங்க. எலி வளைக்குள்ள எறங்கி எலியப் புடிக்கிறதுக்குன்னே வளத்தெடுத்த சாதி. காலையில ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஓட விடணும். இல்லாட்டி மண்ணத் தோண்டும், சாமான ஒடைக்கும், நாள் முழுக்கக் கொலைக்கும். கோழி, அணில், முயல் எதக் கண்டாலும் வெரட்டும். பதினாலு பதினஞ்சு வருசம் உசுரோட இருக்கும். இதெல்லாம் யோசிச்சீங்களா?"

அவர் சிரித்தார். "ஒனக்கு எதப் பாத்தாலும் சீக்குதான். ஆஸ்பத்திரி புத்தி."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை.

நாய்க்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தார். மூன்று மாதத்துக்கு அது தினமும் அவருடைய முகநூலில் படமாக வந்தது. தொப்பி போட்ட நாய், கறுப்புக் கண்ணாடி போட்ட நாய், சிநேகிதர் கடைத் திறப்பு விழாவில் டை கட்டிய நாய். படம் எடுத்து முடிந்ததும் மாடிப்படிக் கம்பியில் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். ஒரு நாளாவது அதை நடக்கக் கூட்டிப் போனதை நான் பார்க்கவில்லை. இடுப்பு வலி என்பார். அதே இடுப்போடு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்கத் தம்புள்ளைக்குப் போவார்.

ஏழாம் மாதத்தில் நாய் சோபாவின் ஒரு கையைத் தின்றது. அக்காவின் அந்தூரியம் சாடிகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றிலும் அடிவரைக்கும் தோண்டியது. பெரிய ரோட்டில் போகும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் குரைத்தது. அந்த ரோட்டில் எத்தனை பஸ் போகும் என்று அலுவிகாரையில் நிற்பவர்களுக்குத் தெரியும். வந்த விருந்தாளி ஒருவர் அதன் வாய்க்கு முன்னால் பிஸ்கட்டை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டினார். அவர் விரலில் மூன்று தையல். விருந்தாளியும் சரி, வீட்டுக்காரரும் சரி, நாய்க்குப் பைத்தியம் என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தலையில் இருக்கவேண்டிய மூளை இல்லை.

நான் காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து அதை அவிழ்த்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். பின்பக்கம் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஓட விட்டால், நாற்பது நிமிடத்தில் வேறு நாயாகிவிடும். சொன்னதைக் கேட்கும், கூப்பிட்டால் வரும், காலடியில் படுக்கும். இதை அத்தானிடம் சொன்னேன். "அப்ப நீயே தெனமும் கூட்டிட்டுப் போ" என்றார், எனக்கு ஏதோ சலுகை தந்ததுபோல. எனக்கு வேலை நேரம் மாறியபோது அதுவும் நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் கோழிகள் செத்தன. அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொல்லையில் ஆறு கோழி வளர்த்தார். அத்தான் கட்டிவைத்த கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, வேலிக்கு அடியில் தோண்டி உள்ளே போய், நாய் மூன்றை முடித்துவிட்டது. நான் போனபோது ராத்தா செத்த கோழிகளை ஒரு பேசினில் போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாயை உதைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஏன் அடிக்கிறீங்க?" என்று ராத்தா சத்தம் போட்டார். "அது அதுட வேலயத்தானே செஞ்சீக்கி. வளக்கிற மனிசருக்குத்தான் ஒண்டும் தெரியல்ல."

அத்தானுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஒரு பொம்பளை, அதுவும் கோழி வளர்க்கிற பொம்பளை, அப்படிச் சொல்லிவிட்டாரே என்று. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அக்காதான் வேலியைச் சுற்றிப் போய் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கிழமையே அவர் கலேவெலப் பக்கம் யாரோ வீட்டுக்கு டைல்ஸ் அளக்கப் போனார். நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பின்னேரம் தனியாக வந்தார்.

"சந்தைக்கிட்ட நிப்பாட்டுனேன். பட்டிய அறுத்துக்கிட்டு ஓடிருச்சி. எவ்வளவோ தேடுனேன்" என்றார்.

நான் போய்க் காரின் பின்கதவைத் திறந்தேன். கழுத்துப்பட்டி இருக்கையில் கிடந்தது. அறுந்திருக்கவில்லை. வார்ப்பூட்டு ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தது. நாய்க்குப் பல் உண்டு, விரல் கிடையாது. பட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன். அதைப் பார்த்தார், பிறகு தொலைக்காட்சியைப் பார்த்தார்.

இப்படிக் கொண்டுபோய் விடுகிறவர்களைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். டவுன் ஆட்கள் குட்டியை வாங்கும்போது பிள்ளை என்பார்கள், வளர்ந்ததும் சந்தையடியில் இறக்கிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். தூரத்து ஊர் என்றால் திரும்பி வராது என்ற கணக்கு மட்டும் சரியாகப் போடத் தெரியும். அந்த வகை மனிதர் என் அக்கா வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருந்தார். நான் அவருக்குக் கொடுத்துவந்த மரியாதை அன்றோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறித் தம்புள்ளைக்குப் போய், அங்கிருந்து குருநாகல் பஸ்ஸில் கலேவெலயில் இறங்கினேன். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டிக் காட்டி மரக்கறிக் கடைகளில் விசாரித்தேன். என்னிடம் இருந்ததில் முகம் தெளிவாகத் தெரிந்தது தொப்பி போட்ட படம் ஒன்றுதான். பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பின்தெருவில் நெல் வாங்கும் ஸ்டோருக்குப் போகச் சொன்னார்.

அங்கேதான் இருந்தது. நெல் மூட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, வால் மட்டும் வெளியே தெரிய நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்த உடனே பாய்ந்து வந்து என் முழங்காலில் ஏறி, கையெல்லாம் நக்கியது. மெலிந்திருந்தது. ஒரு காது கிழிந்து காயம் ஆறிக்கொண்டு வந்தது. என்னைச் சுற்றி நாலு தரம் ஓடிவிட்டு, ஏதோ சத்தம் கேட்டதும் மறுபடி மூட்டைகளுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பெரிய எலி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, ஸ்டோர்க்கார அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் போட்டது.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சிங்களத்தில் கேட்டார்: "உங்கள் நாயா?"

"என் அக்கா வீட்டு நாய்."

"தொலைந்து போனதா, விட்டுவிட்டுப் போனார்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "விட்டுவிட்டுப் போனார்கள்" என்றேன்.

அவர் துப்பாத குறைதான். "எப்படிப்பட்ட முட்டாள் இதை விடுவான்? மூன்று பூனை செய்யாத வேலையை நாலு நாளில் செய்திருக்கிறது."

கூட்டிப் போகத்தான் வந்தேன். பையில் புதுக் கயிறு வைத்திருந்தேன். ஆனால் எங்கே கூட்டிப் போவது? என் வீடு ஓர் அறை, அதைப் பூட்டிவிட்டு எட்டு மணித்தியாலம் வேலைக்குப் போகிறவள் நான். அங்கே கட்டிப்போட்டால் அத்தானுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்த நாயைப் பற்றி அவருக்கு அவ்வளவு பிரசங்கம் பண்ணியவள், எனக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. கிழிந்த காதுக்கு மருந்து தடவினேன். எலி பிடிக்கிற நாய்க்கு என்னென்ன ஊசி, எப்போது போடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஸ்டோரில் எலிப்பாஷாணம் வைக்கவே கூடாது என்றும் சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார். அத்தான் என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்விகள். நாயை அவரிடமே விட்டுவிட்டு, பஸ்ஸில் வரும்போது அழுதேன். ஆனாலும் செய்தது பிழை என்று தோன்றவில்லை.

நான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பேசியை வாசித்துக்கொண்டிருந்தார். நாயின் பழைய படத்தைப் போட்டு, என் செல்லமே உன்னைத் தேடுகிறேன் என்று எழுதி, பக்கத்தில் அழுகிற முகங்கள் வேறு வைத்திருந்தார். ஊர்ப்பட்ட பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

நடந்ததைச் சொன்னேன். நெல் ஸ்டோர், எலி, அந்த அம்மா கேட்ட கேள்வி, எல்லாம்.

"பாத்தியா?" என்றார் அக்காவிடம், வாய் நிறையச் சோற்றோடு. "அதுக்கு நல்லதத்தான் செஞ்சிருக்கேன்."

அக்கா எழுந்து கை கழுவினாள். அவருடைய கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள். அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்குள் ஏதோ எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எட்டிப் பார்த்தேன். அந்தப் படத்துக்குக் கீழே அவர் பெயரிலேயே இருந்தது: "நாய் தொலையவில்லை. கலேவெல சந்தையில் நான்தான் இறக்கிவிட்டேன். இப்போது நல்ல இடத்தில் இருக்கிறது."

அவர் அழிப்பதற்குள் கடைக்கு வாடிக்கையாக வருகிற பாதிப்பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். அத்தான் என்னோடும் அக்காவோடும் ஒரு மாதம் பேசவில்லை. அந்த வீட்டில் அக்கா சத்தமாகச் சிரித்ததை அந்த மாதத்தில்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.