என் மூக்குக்குத் தெரியாத நாற்றம்

ஈப்போவில், புந்தோங் பகுதியில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, மதியமானால் முனகும் ஏர்கான். முக்கால்வாசி வேலை புருவம் எடுப்பதுதான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இரு கைகளிலும் முறுக்கி, படுத்திருப்பவளின் முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் குனிந்து நிற்க வேண்டும். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், மூச்சைப் பிடித்துக்கொள்வாள், கண்ணோரம் தண்ணீர் வழியும். புருவம் எடுத்தால் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். அதனால் நான் எதையும் சந்தேகப்படவில்லை.

ஆள் குறையத் தொடங்கியதும் பழியை எதிர்வரிசையில் புதிதாகத் திறந்த கடையின் மேல் போட்டேன். அங்கே எல்லாருக்கும் ஒரே அச்சில் புருவம் வரைந்து அனுப்புகிறாள் என்று என்னிடம் வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். தலையை மட்டும் ஆட்டினார்கள். பதில் சொன்னால் மூச்சு விட வேண்டியிருக்குமே, பாவம். முகக்கவசக் காலத்தில் நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்தபோது மட்டும் கூட்டம் குறையவில்லை. அது ஏன் என்றும் நான் யோசிக்கவில்லை.

குனோங் ராபாட்டிலிருந்து மோட்டாரில் மாதம் ஒருமுறை ஒரு பெண் வருவாள். பல் கிளினிக்கில் வேலை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து, எழுந்து, கண்ணாடியில் தன் முகத்தை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கெட்டிக்காரி, இரண்டு புருவமும் சரியாக வந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, ஒன்னு சொல்வேன். மாரா ஆகக் கூடாது.”

“நான் எதுக்குக் கோவப்படப் போறேன்? சொல்லு.”

“உங்க மூச்சுல வாடை வருதுக்கா. வாயில இல்ல, மூக்குல. நான் தெனம் எத்தன பேரு வாயைப் பாக்குறேன்லா, எனக்கு வித்தியாசம் தெரியும்.”

“எத்தன நாளா?”

“ஒரு வருசம் இருக்கும்க்கா.”

கோபப்பட மாட்டேன் என்றவள்தான், அந்த வாடை உன் கிளினிக்கிலிருந்து உன்னோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று சொன்னேன். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அவளைத் திட்ட இன்னும் கொஞ்சம் காரணம் கிடைத்தது. அப்புறம் ஏனோ தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை இழுத்து மூக்கில் வைத்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பீடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறார். முதுகுவலி, தரையில் படுத்தால்தான் சரிப்படும் என்று சொல்லி ஹாலுக்குப் படுக்கையை மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“என் மூச்சுல வாடை வருதா?”

“ஒன்னும் இல்லலா. யாரு சொன்னா?” என்றார், டிவியைப் பார்த்தபடி.

நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கிராம்பு மென்றேன், நாக்கை வழித்தேன், கடையில் சாம்பிராணி போட்டேன். சாம்பிராணிப் புகையில் வந்தவர்களுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். பல் டாக்டர் பல்லில் குறையே இல்லை என்றார். கடைசியில் ஈப்போ ஆஸ்பத்திரியில் மூக்கு டாக்டரிடம் போய் நின்றேன். வீட்டுக்காரர்தான் அழைத்துப் போனார்.

டாக்டர் சீனர், மலாயில் நிதானமாகப் பேசினார். மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கினுள் விட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மூக்கு நாறப் பல காரணம் உண்டாம். சைனஸில் சீழ் கட்டலாம், மேல்வரிசைப் பல்லின் வேர் அழுகலாம், சிறு பிள்ளைகள் பாசிமணியைத் திணித்துக்கொண்டு சொல்லாமல் இருக்கலாம். எனக்கு வந்தது வேறு. மூக்கின் உள்தோல் மெலிந்து வறண்டு, பொருக்கு படிந்து, அதனடியில் கிருமி குடியேறுகிறது. மணம் அறியும் நரம்பும் கூடவே போய்விடுகிறது. ஆக, ஊருக்கெல்லாம் தெரியும், உரியவருக்குத் தெரியாது. ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். என் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சோடா உப்பும் கலந்து காலையும் இரவும் மூக்கைக் கழுவ வேண்டும். பிறகு கிளிசரின் சொட்டு. சில வாரம் கிருமிக்கு மருந்து, கூடவே இரும்பு மாத்திரை. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம், கழுவுவதை விட்டால் திரும்பி வரும் என்றார். திரும்பி வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டில் யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல் என்றார்.

திரும்பும்போது காடி ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “முதுகுவலி எப்படி இருக்கு?”

அடுத்த சிவப்பு விளக்கில் காடியை நிறுத்திவிட்டுச் சொன்னார். “சொன்னா நீ கடைக்குப் போக மாட்ட. கடைதான உனக்கு எல்லாம்?”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார், நான் மட்டும் எதிர்க்கடைக்காரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பல் கிளினிக் பெண்ணுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா, அடுத்த மாசம் வாரேன்” என்றாள்.

மறுநாளிலிருந்து காலையில் கழுவி முடித்ததும் வீட்டுக்காரரின் முன்னால் போய் நிற்பேன். அவர் குனிந்து முகர்ந்துவிட்டு “இல்ல” என்பார். தினமும் “இல்ல”தான். அன்று டிவி பார்த்தபடி சொன்னாரே, அதே மாதிரி ஒரு “இல்ல”. அதை எந்தத் தைரியத்தில் நம்பி ஒருத்தியின் முகத்தின் மேல் குனிவது? மறுபடி முகக்கவசத்தைப் போட்டு, நூலைக் கழுத்தில் கட்டித்தான் வேலை செய்தேன். கழுத்தில் கட்டினால் கோணல் விழுகிறது, கடைசி மெல்லிய முடிகள் வருவதில்லை. இப்படியே போனால் இந்தத் தொழிலை விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படி ஓடியது.

ஒருமுறை கல்யாண வீட்டு வேலை முடிந்து களைத்து வந்து, இரவு கழுவாமல் தூங்கிவிட்டேன். காலையில் எழ நேரமாகி அப்போதும் கழுவவில்லை. அவரிடம் சொல்லாமல் வழக்கம்போல் போய் நின்றேன். சோதிக்க நினைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. அவர் முகர்ந்தார். நிமிர்ந்தார். காலிலிருந்த சிலிப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இருக்கு.”

“என்ன?”

“இன்னிக்கு இருக்கு. போயி கழுவிட்டு வா, நான் நிக்கிறேன்.”

அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. அதுவரை அவர் சொன்ன “இல்ல” அத்தனையும் உண்மைதான் என்று அப்போதுதான் நம்பினேன். கழுவி முடித்து வந்து மறுபடி நின்றேன். முகர்ந்துவிட்டு “இல்ல” என்றார். அன்று முகக்கவசம் இல்லாமல் கடையைத் திறந்து, முதலில் வந்தவளைப் படுக்கச் சொல்லி, நூலைப் பல்லில் கடித்தேன்.