அவர் முத்தி செய்த இடத்தில்

என் வீட்டுக்காரருக்கு எய்ட்ஸ் என்று மொரப்பூர் பக்கமெல்லாம் தெரிந்துபோனதும், கோயிலில் எங்களைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு இடம் காலியாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசி. அந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டோம். அவர் லாரி டிரைவர். போன இடத்தில் வாங்கி வந்த நோய். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் அவருடைய அக்கா மேரி அண்ணியையும் உட்காரவைத்துச் சொன்னார்: "தொட்டா வராது. ஒண்ணா சாப்பிட்டா, முத்தம் குடுத்தா வராதும்மா. உடலுறவு, ரத்தம், ஊசி, தாய்கிட்டருந்து குழந்தைக்கு. இப்படித்தான் வரும்." எனக்குச் சோதித்ததில் இல்லை என்று வந்தது. எல்லாம் கேட்டுவிட்டு ஊர் திரும்பிய அண்ணி, அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வேண்டுமென்று அவர் ஒரே பிடிவாதம். முந்தின நாள் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வந்து ரோட்டிலேயே நின்றார். "எல்லாரும் முத்தி பண்ணி முடிச்சப்புறம் கடைசியா வாங்கம்மா. சனங்க பயப்படறாங்க."

அன்று ராத்திரி ஆண்டவரோடு சண்டையே போட்டேன். சுகம் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் முத்தி செய்த இடத்தில் இன்னொருவர் வாய் பட வேண்டும், அது போதும் என்று அழுதேன்.

எல்லாரும் முடித்தபின் அவரைத் தாங்கிக்கொண்டு போனேன். மண்டியிட்டு, சிலுவையில் அறைந்த ஆண்டவர் சுரூபத்தின் காலை முத்தி செய்தார். உபதேசியார் உடனே துணியும் மருந்துத் தண்ணீரும் எடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மேரி அண்ணி எழுந்து வந்தார்.

"தொடைக்காதீங்க" என்றார். தம்பி வாய் வைத்த அதே இடத்தில் முத்தி செய்தார். பிறகு சனங்களைப் பார்த்துத் திரும்பினார். "காச்சல்னா ஒரே ஊசிய மாத்தி மாத்தி எல்லாரும் குத்திக்கறீங்களே, அதுல வரும். இதுல வராது. டாக்டரு சொன்னத நானும் கேட்டவதான். கேட்டும் பயந்துகிட்டு வூட்லயே கெடந்தேன்."

அண்ணிக்குப் பின்னால் யாரும் வரவில்லை. ஒருத்தர்தான் வந்தார். நான் கேட்டதும் ஒருத்தரைத்தான்.

மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். குளிப்பாட்ட நானும் அண்ணியும் மட்டும். சுகமே கிடைக்கவில்லையே, ஆண்டவர் செய்ததற்கு இது என்ன சாட்சி என்று கேட்பீர்கள். என் புருஷன் கூடப்பிறந்தவளின் மடியில் உயிரை விட்டார். அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அன்றிலிருந்து எந்த வீட்டில் இந்த நோய் வந்தாலும் முதல் ஆளாக நான் போகிறேன்.

நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் கொடுப்பார். ஆனால் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், முழங்கால் போடுவதற்கு முன் அங்கே போய் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். காபியில் அது ஒட்டாது.