வராத ஐயரும் வந்திருந்த அருமைக்காரரும்

ஐயா, அம்மணி அவர்களுக்கு வணக்கம். கோயமுத்தூரில் கலெக்டர் கச்சேரிக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதிப் பிழைத்தவன் நான். பள்ளிக்கூடம் அதிகம் கண்டதில்லை. இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்த ஒரு காரியத்தை எழுதுகிறேன்.

1. நெட்டால்காரர்

சென்னியப்பன் அன்னூர்ப் பக்கத்துக் கவுண்டர். சிறு பிராயத்தில் தகப்பனாருடன் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போய், டர்பன் நகரத்துக்கு வெளியே காய்கறித் தோட்டம் வைத்து வாழ்ந்தவர். கல்யாணத்துக்காக ஊர் வந்து, அவிநாசி அருகே பாவாயி என்னும் பெண்ணை மணந்தார். மாமனார் நோயில் விழவே இங்கேயே தங்கிவிட்டார். மூன்று வருஷம் வெளியே தங்கிவிட்டால் நெட்டாலில் வாழும் உரிமை போய்விடும் என்பது அந்நாட்டுச் சட்டம். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் மட்டும் போவதில் தடையில்லை. பாவாயியையும் கூட்டிப்போவதானால், அவள் அவருடைய மனைவிதான் என்று இங்குள்ள அதிகாரி விசாரித்துச் சான்று தர வேண்டும். சான்று இல்லாத பெண்ணை டர்பன் துறையில் இறங்க விடமாட்டார்கள்.

இருவரும் என் மேஜைக்கு வந்தபோது காரியம் ஏற்கெனவே கெட்டிருந்தது. விசாரணை அதிகாரி தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர். கல்யாணம் நடத்திவைத்த புரோகிதர் யார் என்று அவர் கேட்டிருக்கிறார். ஐயர் இல்லாத கல்யாணம் வெள்ளைக்காரன் சட்டத்தில் செல்லாது என்று கப்பலில் யாரோ சொன்னதை நம்பி, "அய்யருதானுங்க" என்று சென்னியப்பன் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அப்படியானால் அந்த ஐயரைக் கூட்டி வா என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

வெளியூரார்க்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் கல்யாணத்தை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். அவர் பிள்ளைகுட்டி பெற்று, அதற்குரிய சீரும் செய்துகொண்ட குடும்பஸ்தர். வேதியர் அல்லர். சென்னியப்பன் கல்யாணமும் அப்படி நடந்ததுதான்.

"ஏனுங்க, ஒரு அய்யரைப் புடிச்சு, நாந்தான் பண்ணிவெச்சேன்னு சொல்ல வெச்சுப்போடலாமுங்களா?" என்று சென்னியப்பன் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பாவாயி முந்திக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. என்ற கல்யாணத்துக்கு அருமைக்கார மாமன்தான் வந்தாரு. வந்தவரை உட்டுப்போட்டு, வராதவரை எதுக்குங்க தேடோணும்?"

"கப்பல் போயிருமே, அம்மணி!" என்றார் சென்னியப்பன்.

"போவட்டுங்க. அங்க எறங்கறப்போ, அந்த அய்யரு எப்படி இருந்தாருன்னு துரை எங்கிட்டக் கேட்டா, நான் என்னத்தைச் சொல்றது? குண்டா இருந்தாருங்கறதா, ஒல்லியா இருந்தாருங்கறதா?"

சென்னியப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

2. திருத்தம்

நடந்ததையே சொல்வதிலுள்ள ஆபத்தை நான் மறைக்கவில்லை. வாக்குமூலத்தைத் திருத்தினால் முதலில் சொன்னது பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். அதைக் காட்டியே மனுவைத் தள்ளிவிடலாம். அப்புறம் அவர் தனியே கப்பலேற வேண்டும், அல்லது தோட்டத்தையும் உரிமையையும் விட்டுவிட்டு இங்கேயே இருக்க வேண்டும்.

"தள்ளட்டுங்க. நெசத்தைச் சொல்லித் தள்ளுனா மறுக்காவும் போய்க் கேக்கலாம். பொய்யைச் சொல்லித் தள்ளுனா எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது? நீங்க எழுதுங்க" என்றாள் பாவாயி.

எழுதினேன். சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார்.

3. விசாரணை

அவிநாசித் தாலூகாக் கச்சேரிக்கு அருமைக்காரர் தலையில் வெள்ளை உருமால் கட்டி வந்தார்.

"ஓய், உமக்கு மந்திரம் தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியாதுங்க."

"ஹோமம் வளர்த்தீரா?"

"இல்லீங்க."

"பின்னே அது என்னய்யா கல்யாணம்?"

"இவங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க ஆச்சு, தாத்தனுக்கும் இப்படித்தானுங்க ஆச்சு. இது செல்லாதுன்னா, இந்தத் தாலூகாவுல பேரன் பேத்தி எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னுங் கல்யாணமே ஆவலீங்க சாமி."

குமாஸ்தாக்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

அப்போது பாவாயி, "எங்களைத் தனித்தனியாக் கூப்புட்டுக் கேளுங்க சாமி" என்றாள். அதிகாரி சற்று யோசித்து, மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக அழைத்தார். மனு எழுதியவன் என்ற முறையில் நான் ஓரமாக நிற்க அனுமதி கிடைத்தது.

முதலில் அருமைக்காரர். அந்தக் கல்யாணத்தில் நினைவிலிருப்பதைச் சொல்லச் சொன்னார் அதிகாரி. இணைச்சீர் என்னும் சடங்கின்போது கூறைப்புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளையின் சகோதரி பிடிக்க, மறுமுனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். நெட்டாலில் வளர்ந்த மாப்பிள்ளைக்கு வழக்கம் தெரியவில்லை. கொடுத்த முனையைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாராம். பந்தலே சிரித்ததாம்.

அடுத்து வந்த சென்னியப்பனும், இணைச்சீரைப் பற்றிக் கேட்டதும் காது சிவக்க அதையே சொன்னார்.

கடைசியில் பாவாயி. "இணைச்சீரிலே என்னம்மா நடந்தது?"

"நாம் பாக்கலீங்க சாமி. பொண்ணு அப்போ உள்ளதான் இருக்கோணும். பந்தல்ல சிரிக்கற சத்தந்தான் கேட்டுது. என்னன்னு ஓடிப்போய்ப் பாத்துட்டு வரச் சொன்னேன். ஒருத்தியும் சொல்லலீங்க. பொறவு அவரே சொன்னாரு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பார்க்காததைப் பார்க்கலைன்னு சொல்றே. சரி. ஆனா உன் புருஷன் முதல்லே பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் மேலே எழுதுவேன்."

"எழுதுங்க சாமி. அவரு சொன்னதுதானுங்க பொய்யி. கட்டுனது பொய்யில்லீங்க."

அப்போதுதான் அதிகாரி சிரித்தார்.

சான்று கெடுவுக்கு முன்பே வந்தது. இருவரும் பம்பாய் சென்று கப்பலேறினார்கள். பல மாதம் கழித்துச் சென்னியப்பன் எனக்கு எழுதினார். டர்பன் துறையிலும் புரோகிதர் யார் என்று துபாஷி மூலம் கேட்டார்களாம். பாவாயி அருமைக்காரரின் பெயரையும் ஊரையும் சொல்லி, அவருடைய உருமாலையும் தலையில் கை வைத்துக் காட்டினாளாம். வேறு கேள்வி இல்லை, இறக்கி விட்டார்களாம்.

நான் கற்றது இதுதான். கேட்கிறவருக்குப் பிடிக்கும் என்று நாம் ஊகித்ததை மனுவில் எழுதலாகாது. நடந்ததை எழுதி, அது இன்னதென்று விளங்கவைக்க வேண்டும். அதன் பிறகு புரோகிதர் பெயர் கேட்ட இடத்தில் அருமைக்காரர் என்றே எழுதி, அவர் இன்னாரென்று இரண்டு வரி விளக்கமும் சேர்த்து வந்தேன். மேஜையைக் காலி செய்த நாள் வரையில் அந்த வரிகளை நான் விட்டதில்லை.

இத்தொழிலில் இருப்பவர்கள் இந்தக் குறிப்பை எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.