சொந்தக் கைவேலைக் கோப்பை

நெவில் டான்ஸ்லி சொந்தமாகக் கார் கட்டினான் என்று எங்கள் கவென்ட்ரி நகரத்துத் தெருவில் யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எதிர்வீட்டுக்காரி, டோரீன். ஆறு வருஷம் சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் கூத்து முழுவதையும் பார்த்தவள். அவன் பெண்டாட்டி மேவிஸும் நானும் கார் தொழிற்சாலையில் சீட் கவர் தைக்கும் பிரிவில் பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள். அதனால் எனக்குப் பேச உரிமை இருக்கிறது. இல்லாவிட்டாலும் பேசியிருப்பேன்.

அந்தப் பிரிவை இழுத்து மூடியபோது மேவிஸிடம் மிஞ்சியது இரண்டே சொத்து. ஒன்று, அவள் தைத்த மெஷின். தொழிற்சாலை அதைக் கழித்துக்கட்டியபோது அவளே வாங்கிப் பின் அறையில் போட்டுக்கொண்டாள். இன்னொன்று, தன் சம்பளத்தில் வாங்கிய பழுப்பு நிற நான்கு கதவுக் கார். வியாழக்கிழமை தவறாமல் அதில் பக்கத்து ஊர் லெமிங்டனில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவாள். போகும் வழியில் என்னைச் சந்தையில் இறக்கிவிடுவாள். அந்த வண்டியில் ஏறினால் மேவிஸின் குரலே மாறிவிடும், பாடக்கூடச் செய்வாள்.

எண்பத்து நான்கில் நெவில் ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வழவழப்பான விளம்பரத் தாளோடு திரும்பினான். கிட் கார். கண்ணாடி இழையில் வார்த்த உடம்பு மட்டும் லாரியில் வந்து இறங்கும். இன்ஜின், சக்கரம், அச்சு, கிளட்ச் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் பூட்டிக்கொள்ள வேண்டும். எந்தப் பழைய கார் என்று கேட்பீர்கள். தெருவில் இருந்தது ஒன்றுதான்.

"ஆறே மாசம் மேவிஸ். அப்புறம் ஊரே திரும்பிப் பாக்குற வண்டில போவ."

கொடுத்துவிட்டாள். "ஏண்டி கொடுத்த?" என்று கேட்டேன். "ஆசைப்படுறாரு, போகட்டும் டோரீன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவளோடு தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஆறு மாதம் ஆறு வருஷமாயிற்று. மேவிஸ் இருபத்தோராம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றாள். மழையில் நின்றாள், பனியில் நின்றாள், இரண்டு கையிலும் பையோடு நின்றாள். லெமிங்டனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் வாராவாரம் போனது மாதம் ஒருமுறையாகி, அப்புறம் பண்டிகைக்கு மட்டும் என்றானது. நெவிலோ கொட்டகையில் வானொலி கேட்டுக்கொண்டு நட்டு போல்டுகளை ஜாம் பாட்டில்களில் ரகம் பிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் பெயிண்ட் அடித்த கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். கடைக்காரனிடம் கொடுத்து அடிப்பவனெல்லாம் அவனுக்கு ஏமாளி. கால்வாய்ப் படகுகளுக்கு அடிக்கும் கரும்பச்சை எனாமலை, மூடி நசுங்கிய டப்பாக்களாகப் பார்த்து மலிவாக வாங்கிவந்தான். மேவிஸின் காலுறையைக் கேட்காமலே எடுத்து அதில் வடிகட்டினான். தூசி அடங்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தான். அதுவரை சரிதான், விவரம் தெரிந்தவர்களும் அப்படித்தான் செய்வார்கள். ரோலரால் உருட்டி முடித்ததும் குளிர் தாங்காமல் கெரசின் ஹீட்டரைக் கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். அது எரிய எரிய ஈரத்தைக் கக்கும் என்று அதை வைத்திருக்கும் எந்த வீட்டு ஜன்னலைக் கேட்டாலும் சொல்லும். காலையில் திறந்து பார்த்தால் வண்டியின் முன்மூடி முழுவதும் பால் கொட்டித் துடைத்த மாதிரி மங்கிப்போயிருந்தது. பக்கவாட்டில் பெயிண்ட் ஒழுகி உறைந்திருந்தது. கதவின் நடுவே ஒரு நீளக்கால் பூச்சி நான்கு காலையும் பரப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு கால்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

"இதுக்குப் பேரு மங்கல் பூச்சு டோரீன். இப்ப இதுதான் நாகரிகம்."

"அந்தப் பூச்சியுமா நெவில்?"

அவன் நகத்தால் பூச்சியைச் சுரண்டத் தொடங்கினான்.

சரி, உள்ளே? உள்ளே இரண்டு இரும்புச் சட்டமும் பஞ்சும்தான் இருந்தன. ஒரு நாள் பல் மருத்துவரின் விதவை தன் சிவப்புத் தோல் சோபாக்களை நகராட்சி வண்டி எடுத்துப்போகட்டும் என்று நடைபாதையில் போட்டிருந்தாள். மேவிஸ் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் தள்ளுவண்டி கொண்டுபோகும்வரை எழுந்திருக்கவில்லை.

பிளேடால் தையலைப் பிரித்தாள். மக்கிய இடத்தை ஒதுக்கினாள். மிச்சத்தைச் சவர்க்கார நீரில் துடைத்து, எண்ணெய் பூசி, ரேகை ஒத்துப்போகும் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து வெட்டினாள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பின் அறையில் அந்த மெஷின் ஓடியது. இரண்டு சீட், கதவுப் பலகைகள், தலைக்குமேல் துணி, காலடிக் கம்பளம், எல்லாம் அவள். சீட்டின் ஓரம் முழுக்கப் பைப்பிங், அதாவது உள்ளே கயிறு வைத்துத் தைக்கும் உருண்டை விளிம்பு. மூலையில் அந்தப் பைப்பிங் ஒரு சுருக்கம் இல்லாமல் வளைந்து திரும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருஷம் எங்கள் மேஸ்திரி எங்களைத் திட்டித் திட்டி வாங்கிய மூலை அது.

வண்டி ஓடத் தொடங்கியது. இரண்டே பேர் உட்காரும் வண்டி. நெவிலும் அவன் கிட் கார் சங்கத்துக் கூட்டாளி பெர்சியும் உட்கார்ந்தார்கள். மேவிஸ் ஒரு தடவை சாவி கேட்டாள்.

"வேண்டாம்மா. கிளட்ச் வேற மாதிரி. உனக்குப் பழகாது."

அவளுடைய கிளட்ச்! பதினொரு வருஷம் அவள் மிதித்த கிளட்ச்! நான் என்றால் அந்த இடத்திலேயே அவன் மண்டையில் கெட்டிலைக் கவிழ்த்திருப்பேன். மேவிஸ் பஸ் நேர அட்டவணையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் காப்பீடும் பதிவுப் புத்தகமும் மட்டும் அவள் பேரிலேயே இருந்தன. அதுவும் மரியாதைக்காக இல்லை. அவன் முன்பு இரண்டு முறை இடித்திருந்ததால் அவன் பேருக்குக் காப்பீடு கூடுதலாகும், அவள் பேருக்குக் குறைவு. வருஷாவருஷம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று சாலை வரி கட்டியவளும் அவள்தான்.

தொண்ணூறாம் வருஷக் கோடையில் சங்கத்தின் கண்காட்சி. புல்வெளியில் முப்பது நாற்பது வண்டிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் மடக்கு நாற்காலியில் பிளாஸ்க்கோடு ஒரு பெண்டாட்டி. பெயிண்ட்டுக்கு ஒரு கோப்பை, உள்வேலைக்கு ஒரு கோப்பை. உரிமையாளர் தன் சொந்தக் கையால் செய்த வேலையாக இருக்க வேண்டும், பதிவுப் புத்தகத்தில் யார் பேரோ அவரே உரிமையாளர் என்பது விதி. நெவில் இரண்டுக்கும் அட்டை எழுதினான். "முழுவதும் என் கையால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான், மேவிஸ் கொடுத்த பேனாவால்.

பெயிண்ட்டைப் பார்த்த நடுவர் இருமிவிட்டு நகர்ந்தார். உள்வேலைக் கோப்பை நெவிலுக்குத்தான். கைதட்டினார்கள். அவன் குனிந்து குனிந்து நன்றி சொன்னான். மேவிஸ் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாயைத் தொறந்து சொல்லேண்டி."

"அவரு சொல்லுவாரு டோரீன். எல்லாரும் போனப்புறமாவது எங்கிட்டயாவது சொல்லுவாரு."

அவ்வளவுதான் அவள் எதிர்பார்த்தது. அவன் வீட்டுக்குப் போய்க் கோப்பையைக் கணப்பின் மேல் வைத்துப் பளபளப்பாகத் துடைத்தானே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் செருப்புத் தைக்கும் கடையில்தான் பேரும் பொறிப்பார்கள்; அங்கே கொடுத்துத் தன் பேரையும் பொறித்துக்கொண்டு வந்தான்.

ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை வாங்கியவன் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்த வேலையைச் செய்துகாட்ட வேண்டும். தலைவர் கிளைவ் தொலைபேசியில் சொன்னபோதுதான் நெவிலுக்கு முகம் வெளுத்தது. அன்று மாலையே பின் அறை வாசலில் நின்றான்.

"ஒரே ஒரு மூலை மேவிஸ். எப்படின்னு காட்டிக் குடு, போதும்."

காட்டிக்கொடுத்தாள். பைப்பிங்கின் அடித்துணியில் மூலைக்கு மூன்று இடத்தில் கத்தரி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பாது என்று இரண்டு முறை சொன்னாள். அவன் இரண்டு மாலை உட்கார்ந்தான். மூன்றாம் நாள், "இதுல என்ன இருக்கு, தையல்தானே" என்று எழுந்து போய்விட்டான்.

ஞாயிறு மதியம், கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்த கிரிக்கெட் சங்கத்துக் கூடம். மெஷினை நானும் மேவிஸும் பெர்சியின் வேனில் ஏற்றிக் கொண்டுவந்தோம். நெவில் தன் வண்டியில் தனியாக வந்தான். நாற்பது ஆண்கள் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். மேவிஸ் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நெவில் தொண்டையைச் செருமினான். தோலையும் பைப்பிங்கையும் சேர்த்துப் பிடித்தான். நேர்க்கோட்டை எப்படியோ ஓட்டிவிட்டான். மூலை வந்தது. கத்தரியைத் தொடவே இல்லை. அந்தத் தோல் சுருக்குப்பையின் வாயைப் போலக் குவிந்து நின்றது. யாரோ சிரித்தார்கள். இன்னொரு முறை முயன்றான், நூல் அறுந்தது.

"என்னப்பா நெவில், வண்டில இருக்குற மூலையெல்லாம் வேற நெவில் தச்சானா?" என்றான் பெர்சி.

அப்போதுகூட அவனுக்கு ஒரு வழி இருந்தது. ஒரே ஒரு வாக்கியம், மேவிஸ் தைத்தது என்று. சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். நெவில் என்ன செய்தான் தெரியுமா? கடைசி வரிசையைக் கைகாட்டினான்.

"மெஷின்ல ஏதோ கோளாறு. எம் பொண்டாட்டி அதுல திரைச்சீலை அது இதுன்னு கண்டதைத் தச்சுக் கெடுத்து வச்சிருக்கா."

மேவிஸ் எழுந்தாள். கைப்பையை என்னிடம் கொடுக்கவில்லை, கையோடு எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"எந்திரி நெவில்."

எழுந்துவிட்டான். அவள் உட்கார்ந்து நூலைக் கோத்தாள், கத்தரியால் மூன்று வெட்டு வைத்தாள், தோலைத் திருப்பினாள், காலை அழுத்தினாள். மெஷின் ஒரே மூச்சில் ஓடி நின்றது. தைத்ததைக் கிளைவின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எங்கம்மா கத்துக்கிட்ட?"

"கார் தொழிற்சாலைல. பத்தொம்பது வருஷம். அந்த வண்டி உள்வேலை முழுக்க நான்தான். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

நான் எழுந்து கைதட்டினேன். வெட்கமே இல்லாமல் அழுதுகொண்டே தட்டினேன். ஆனால் பெர்சி இருக்கிறானே, அவன்தான் இரண்டாம் இடம் வாங்கியவன். விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

"அப்பன்னா கோப்பை எனக்குத்தான். உரிமையாளர் சொந்தக் கையால செஞ்சிருக்கணும்னு எழுதியிருக்கு. வண்டி நெவிலுது. தச்சது இவங்க. ரத்து!"

கிளைவ் தர்மசங்கடமாக மேவிஸைப் பார்த்தார். "விதி அப்படித்தாம்மா இருக்கு. எனக்கும் கஷ்டமாத்தான்..."

மேவிஸ் கைப்பையைத் திறந்தாள். பதிவுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்துவைத்தாள்.

கிளைவ் படித்தார். உதடு அசையப் படித்தார். பிறகு பெர்சியின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வண்டி இவங்களுதுப்பா."

நெவிலின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அது சும்மா, காப்பீடு கம்மியாகும்னு..." என்று இழுத்தான். நாற்பது பேரும் அவனைப் பார்த்தார்கள். அவர்கள் வீடுகளிலும் எத்தனை புத்தகம் யார் யார் பேரில் இருந்ததோ, பாதிப்பேர் சட்டென்று தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

கோப்பை மேவிஸுக்கு என்று கிளைவ் அறிவித்தார். பொறித்த பேரை மாற்றிக்கொள்ளலாமே என்றும் சொன்னார்.

"கோப்பையை அவரே வச்சுக்கட்டும். தொடைக்க ஆள் வேணுமில்ல?" என்றாள் மேவிஸ். பிறகு நெவிலிடம் கையை நீட்டினாள். "சாவி."

"மேவிஸ், கிளட்ச்..."

"எங் கிளட்ச் எனக்குத் தெரியும். சாவியக் குடு."

கொடுத்தான். பெர்சி கோபத்தில் வேனோடு போய்விட்டதால், மெஷினைத் தானே வீட்டில் சேர்ப்பதாகக் கிளைவ் சொன்னார். வெளியே வந்து அந்த மங்கல் பச்சை வண்டியில் அவள் ஸ்டியரிங் பக்கம் ஏறினாள், நான் அடுத்த பக்கம் ஏறினேன். பல் மருத்துவர் வீட்டு சோபாவில் உட்காருகிறோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அத்தனை சுகம். நெவில் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து குனிந்தான்.

"நான் எங்க உக்கார்றது?"

இரண்டு சீட் வண்டி. அவன்தான் தேர்ந்தெடுத்தது. மேவிஸ் கண்ணாடியை இறக்கினாள். குரலில் கோபமே இல்லை, வழி கேட்டவருக்கு வழி சொல்லும் குரல்.

"இருபத்தொண்ணாம் நம்பர் பஸ். ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுதான். அந்த நிறுத்தத்துல கூரை ஒழுகும், இடது பக்கமா நில்லு."

வண்டியைக் கிளப்பினாள். தெருமுனை வந்ததும் வீட்டுப் பக்கம் வளையாமல் நேரே லெமிங்டன் சாலையைப் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் பாட ஆரம்பித்தாள்.